இடப்பக்கம் திரும்புவது எப்படி

அன்புள்ள சித்தப்பா,

பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்கு மை கூட்டுகிறார். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அந்தப் புகை சன்னல் வழியாக வந்து என் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இந்த வாசனை வந்தால் கூடவே ஒரு சத்தமும் கேட்க வேண்டும். கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் வண்டியின் புகைக்கு இதே வாசனைதான். கப்பலில் வேலை பார்க்கும் உங்கள் சிநேகிதர் கொடுத்த எஞ்சின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றினால்தான் ஓடும். அதோடு தூரத்திலிருந்து ஓட்டுவதற்கு ஒரு ரேடியோ பெட்டியும், எஞ்சினைப் பற்றவைக்க இரண்டு பிளக்குகளும் கொடுத்திருந்தார். "ஏரோப்பிளேன் பண்ணுன்னு குடுத்தான். எனக்கு எதுக்கு ஏரோப்பிளேன்? மோட்டார் சைக்கிள் பண்ணுவோம்," என்றீர்கள். ஒரு முழ நீளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். சட்டத்தை அரியமங்கலத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் பற்றவைத்து வாங்கினீர்கள். மற்றதெல்லாம் சித்திரை வீதியில் உங்கள் ரேடியோ ரிப்பேர் கடை மேசைமேல் நடந்தது. கூட வந்த ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்வது என் வேலை.

அந்த வேலையை நான் செய்த அழகு உங்களுக்குத் தெரியும். பிளக்கைச் சூடாக்க ஒன்றரை வோல்ட் போதும் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. நான் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டு, ஆறு வோல்ட் பாட்டரியில் கொடுத்தேன். உள்ளிருந்த கம்பி ஒரு கணம் வெள்ளையாக மின்னியது, அவ்வளவுதான். திருச்சியில் எந்தக் கடையிலும் அந்தப் பிளக் கிடையாது. நான் அழத் தொடங்குமுன் நீங்கள் சொன்னீர்கள்: "இன்னும் ஒண்ணு இருக்கில்லே. இந்தத் தடவை படிச்சுட்டு மாட்டு."

வண்டி ஓட்ட இடம் கிடைத்தது மண்ணச்சநல்லூரில். ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம். மில்காரர் வீட்டு ரேடியோவை நீங்கள்தானே பார்த்துக்கொண்டீர்கள். சனிக்கிழமை மத்தியானம் வண்டியைச் சாக்குப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். நெல்லைக் குவித்து முடித்ததும் களம் நமக்கு. போலியோ வந்த காலை நீட்டி நீங்கள் ரேடியோ பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வீர்கள். நான் எஞ்சினைக் கிளப்பித் தள்ளிவிடுவேன்.

நேராக ஓடும்போது அதைப் போல ஒன்று உலகத்தில் கிடையாது. ஆனால் திருப்பினால் விழும். எத்தனை முறை திருப்பினாலும் விழும். களத்தின் அந்தக் கோடியில் அது படுத்துக்கொண்டு கத்தும். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன்.

"ரேடியோ சார், உங்க வண்டிக்கும் களத்துல படுத்துக்க ஆசையா இருக்கு," என்பார் நெல் துழாவும் ராசாத்தி அக்கா. "நாங்க படுத்தாத்தான் மில்காரர் திட்டுவாரு."

எல்லாரும் சிரிப்போம். நான்காவது சனிக்கிழமை நீங்கள் சிரிக்கவில்லை. "நான் ஓட்டுறேன், நீ ஓடுறே. அப்ப இது யாரு வண்டி?" என்றீர்கள். "போனது தானா என் காலடிக்குத் திரும்பி வரணும். ஒரே ஒரு தடவை. யாரும் ஓடக் கூடாது."

பிளக்கின் கம்பி நாளுக்கு நாள் வளைந்துகொண்டிருந்தது. அது அறுந்துபோவதற்குள் நடக்க வேண்டும்.

விழுந்ததையெல்லாம் நான் ரஃப் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் படித்துப் பார்த்தபோது விசித்திரமாக ஒன்று தெரிந்தது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். ஒருமுறைகூட மாறவில்லை. அப்படியானால் என் சைக்கிள் மட்டும் ஏன் விழுவதில்லை? உத்தர வீதியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கைப்பிடியைப் பிடிக்காமல், இடது உள்ளங்கையால் மட்டும் மெதுவாக முன்னால் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் துளி வலப்பக்கம் போனது. சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமே திரும்பியது! ஒரு பூக்காரரின் கூடையில் மோதப் பார்த்தேன். அவர் திட்டத் திட்ட இன்னொருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் கடைக்கு ஓடி வந்தேன்.

"இடது பக்கம் போக வலது பக்கம் திருப்பணுமா? படிச்சுப் படிச்சு மூளை குழம்பிடுச்சு," என்றீர்கள்.

"நிஜமா சித்தப்பா. நீங்க வேணா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லு. நான் வேணா சைக்கிள் விட்டுப் பாக்கணுமா?" உங்கள் குரலில் கோபம் இல்லை. "நான் விட்டதே இல்லையேம்மா. நீ சொன்னா நம்பலாம். ஆனா நம்பினா போதுமா? எனக்குத் தெரியணும்."

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உட்கார்ந்த இடத்திலேயே உங்களுக்கு அதைத் தெரியவைக்க ஒரு வழி இருக்க வேண்டுமே. மறுநாள் ஒட்டடைக் கம்போடு வந்து, "உள்ளங்கையில நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினீர்கள். "விழாம இடது பக்கமா கொண்டு போங்க." கையை இடப்பக்கம் நகர்த்தினீர்கள், கம்பு வலப்பக்கம் விழுந்து ரேடியோ ஒன்றின் ஏரியலை வளைத்தது. மறுபடி. மறுபடி. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ கம்பு விழாமல் நகர்ந்தது. நீங்கள் உங்கள் கையையே பார்த்தீர்கள்.

"கை முதல்ல வலது பக்கம் போகுது! நான் சொல்லவே இல்லை, அதுவா போகுது!"

அதன்பிறகு என்னை நீங்கள் பக்கத்திலேயே விடவில்லை. கைப்பிடியை இழுக்கும் கம்பியை மறுபக்கம் மாற்றி, நடுவில் ஒரு பேனா ஸ்பிரிங்கையும் கோத்தீர்கள். சாய்ந்தபிறகு சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பட்டும் என்றீர்கள். அது என் புத்தியில்லை, உங்கள் புத்தி.

அந்தச் சனிக்கிழமை நான் தள்ளிவிட்டதும் வண்டி நேராகப் போனது. சுவருக்குக் கொஞ்சம் முன்னால் கைப்பிடி துளி வலப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. எனக்கு ஓடத்தான் கால் வந்தது.

"நில்லு!" என்று கத்தினீர்கள்.

நின்றேன். அது சாய்ந்தபடியே நெல் அம்பாரத்தைச் சுற்றி, நிமிர்ந்து, புகையை இழுத்துக்கொண்டு வந்தது. உங்கள் செருப்புக்கு இரண்டடி முன்னால் விசையைக் குறைத்தீர்கள். நின்று, மெல்லச் சாய்ந்தது. நாற்காலியில் இருந்தபடியே குனிந்து எடுத்தீர்கள். எஞ்சின் சுட்டதில் விரல் கொப்பளித்தது, கீழே வைக்கவில்லை. ராசாத்தி அக்கா துழாவுகட்டையை ஊன்றிக்கொண்டு, "வந்துடுச்சுங்க சார், சொல்பேச்சு கேட்டு வந்துடுச்சு," என்றார்.

அடுத்த ஓட்டத்தில் பிளக் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் கொப்புளத்தை ஊதிக்கொண்டே கேட்டீர்கள்: "ஏம்மா, உன் கைக்கு இது தெரிஞ்சிருக்கு. உனக்கு ஏன் தெரியலை? யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன மாசியில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோகும்வரை நான் சொல்லவில்லை. இப்போதும் தெரியாது. அதனால் சைக்கிளில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிறேன்: இடப்பக்கம் திரும்பும்போது கை முதலில் எந்தப் பக்கம் போகிறது? பால்காரர், பிசிக்ஸ் டீச்சர், அப்பா, எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள், தவறாக. தினமும் சரியாகத் திரும்பிப் போகிறவர்கள்தான் அத்தனை பேரும்.

நேற்று தபால்காரரிடம் கேட்டேன். "இதென்ன பாப்பா கேள்வி, இடது பக்கந்தான்," என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். தெருமுனை வந்ததும் வேகத்தைக் குறைத்தார். குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகத் திரும்பினார்.