எட்டில் மூன்று பங்கு

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நப்லானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், உம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் பாதியில் மறிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

உன் பெரிய வாப்பா, என் நானா முத்தலிப் மௌத்தாகி ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் வாப்பா கட்டிய மாத்தளை வீட்டை, நான் லக்கலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு ஒரு சொல் சொல்லாமல் தன் பெயருக்கு எழுதி வாங்கிய மனிதர். இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலை நான் மிதிக்கவில்லை, ஜனாஸா அன்றும் பள்ளிவாசலோடு திரும்பிவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். நானாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, வஸிய்யத்தும் எழுதி வைக்கவில்லை. மார்க்கப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒரே மகள் ஜஸ்லாவுக்குப் பாதி, மிச்சம் எட்டில் மூன்று உடன்பிறந்த எனக்கு. நீதிமன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தபோது, தாயும் மகளும் என்மேல் வழக்கு வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் செய்த வேலை அது.

அதற்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வருகிறேன், ஜஸ்லா பஸ் ஏறி வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் நான் திருப்பி அனுப்பிய மனு, சொத்தைப் பங்கிடுவதற்கான வழக்கு அது, உரிமைக்காரர் பட்டியலில் மூன்றாவதாக என் பெயர். சட்டத்தரணியின் எழுதுவினைஞர் அவளிடம், "பேச்சுவார்த்த இல்லாத ஆள்தானே மிஸ், பேர விட்டுட்டா வீடு முழுசா ஒங்களுக்குத்தான்" என்றிருக்கிறார். அதை உம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். "அல்லாஹ் வெச்ச பங்க அழிக்க நான் ஆரு சாச்சி?" என்றாள். காணிப் பதிவகத்தில் வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதிக்கு நாளை வா, நாளை வா என்று அலைக்கழித்தபோது, பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கொண்டுபோய் அங்கேயே வாங்கில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தாளாம், மத்தியானத்துக்கு முன் பிரதி கைக்கு வந்துவிட்டது. நில அளவையாளர் வந்த நேரம் அவள் உம்மா நூருன்னிஸா மச்சி கணவன் மௌத்துக்கான இத்தாவில் இருந்தார், அந்நிய ஆண் உள்ளே வரமுடியாது, திகதியைத் தள்ளவும் வழியில்லை. அவரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, அளவு நாடாவோடு தானே அறை அறையாகப் போய் அளந்து, ஜன்னல் வழியாகச் சத்தமிட்டுச் சொன்னாளாம். "டீச்சர் வேலைய விட்டுட்டு என்னோட வாங்க மிஸ்" என்றாராம் அந்த மனிதர்.

அந்த வரைபடத்தை என் மேசையில் விரித்து, "ஒங்க பங்கு ரோட்டுப் பக்கமா, கிணத்துப் பக்கமா, நீங்களே சொல்லுங்க சாச்சா, மத்தப் பக்கம் எங்களுக்கு" என்றாள். குசினி கிணற்றுப் பக்கமாச்சே, அது போனால் என்ன செய்வாய் என்று உம்மா கேட்டதற்கு, "அடுப்ப எங்க வெச்சாலும் சோறு வேகும் சாச்சி" என்றாள். கெஞ்சவில்லை, கண் கலங்கவில்லை. என் நானாவுக்கு இப்படியொரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ போனில், "விடாதீங்க வாப்பா, கடைசிக் கல்லு வரைக்கும் எடுங்க" என்றாய். நானும் இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பங்கைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தவளிடம் அதை எப்படி எடுப்பது? அடுத்த மாதம் பத்தாம் திகதி நொத்தாரிசிடம் போய் என் பங்கை ஜஸ்லாவின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுத நினைத்திருக்கிறேன். எனக்குப் பின் உனக்கு வரவேண்டியது அது, உனக்குச் சொல்லாமல் எழுதினால் நானாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரை நான் மன்னிக்கவில்லை. அதை மறுமையில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம்.

வேளைக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் ஆயுளிலும் தொழிலிலும் பரக்கத் செய்வானாக. பெரிய வாப்பாவின் மௌத்துக்குக்கூட நீ ஜஸ்லாவோடு பேசவில்லை, அதையும் நினைவில் வை. கீழே உன் வாப்பா என்று கையெழுத்திட்டால் இது உத்தரவாகிவிடும், நீயும் சரி என்று தலையாட்டிவிடுவாய். பத்தாம் திகதிக்கு முன் எனக்கு வேண்டியது உன் மனதில் உள்ள பதில். அதனால் கையெழுத்துப் போடாமலே நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.