விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

என் மகளுக்கு,

நேற்றுக் கூட்டத்தில், நம் குழுவில் இருக்கும் பூருலின் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றியது கைதவறி நடந்தது. நம் ஓஷ் நகரத்தில் அரைக் கிண்ணம் ஊற்றினால் 'இன்னும் இரு', நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? கண் மங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை எல்லோரும் படிக்கும் பள்ளியிலேயே சேர்ப்பதற்கு இந்த அறக்கட்டளையை ஆரம்பித்தவள் நான். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத பள்ளிப் படி இல்லை. நேற்று, நீ நிர்வாகக் குழுவில் உட்கார்ந்த முதல் நாள், உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னது வெறும் பழக்கம். அதற்குப் போய்ப் பூருல், "அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவளே சொல்லட்டும், எவ்வளவு நேரமானா என்ன?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

ஒவ்வொரு சொல்லாக நீ சொல்லி முடிக்கும்வரை அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய்.

அதற்கப்புறம்தான் நான் தேநீர் ஊற்றினேன்.

நீ அந்தக் கிண்ணத்தை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவள் முன்னால் வைத்தாய். "இப்பதான் சரியா இருக்கு, அம்மா" என்றாய்.

கை நடுங்கும் என்று இருபத்திரண்டு வருடமாக உனக்குக் கிண்ணம் பிடித்தவள் நான். அவளுக்காக எடுத்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையே நீ!

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அரைக் கிண்ணம்தான் ஊற்றுவேன்.

தனியாக வா.

உன் அம்மா