முகத்தை மூடும் துண்டு

உன் துண்டு இன்றைக்கு எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிறது. சின்னாளபட்டியில் நீ வாங்கிய நாலு முழக் கட்டம் போட்ட துண்டு. நேற்று ஒருவனுடைய வியர்வை பட்டுவிட்டதால் துவைக்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவை சோப்புப் போட்டும் உன் வக்கீல் பையின் பாச்சை உருண்டை வாசம் போகவில்லை. போகாதவரைக்கும் நல்லது.

நீ இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது உன் மனைவி இதை மடித்து என் கையில் கொடுத்தார். "அவுக பையில எப்பவும் இது கெடக்கும். எதுக்குன்னு கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லுவாக" என்றார். வாங்கிக் கேமராப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் நான் என் வாயால் ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

கன்னிவாடி ரோட்டில் ஸ்கூட்டரில் போன டீச்சரின் சங்கிலியை ஒருவன் பறித்தான். கீழே விழுந்த டீச்சர் பிழைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தது ஒரே ஒருவர், அய்யலூர் சந்தையிலிருந்து ஆடுகளோடு திரும்பிக்கொண்டிருந்த வியாபாரி. போலீஸ் நாகல் நகரில் லோடு ஆட்டோ ஓட்டும் செல்வத்தைப் பிடித்தது. அவனுக்கு நீ வக்கீல். எனக்கோ மாலைப் பத்திரிகையில் கோர்ட் செய்தி. படம் எடுப்பதும் நானேதான்.

சிறையில் ஒரே சாயல் உள்ள ஆட்களோடு செல்வத்தை வரிசையில் நிறுத்தி, நீதித்துறை நடுவர் முன்னிலையில் வியாபாரி அடையாளம் காட்ட வேண்டும். அதுவரை அவன் முகம் வெளியே தெரியக் கூடாது. இந்த விதி எனக்கும் மனப்பாடம். அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரவிருந்த நாளன்று காலையில், கோர்ட் எதிரே டீ குடிக்கும்போது, "செல்வம்னு பேரு. ராத்திரியெல்லாம் அழுதிருக்கான்டா" என்று நீ சொன்னாய். நண்பனிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாய்.

சற்று நேரத்தில் போலீஸ் அவனைக் கொண்டுவந்தது. முகத்தில் ஒரு குட்டைத் துண்டு. எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எவனும் திரும்பிவிடுவான். "செல்வம், இங்க பாரு" என்றேன். திரும்பினான். துண்டு நழுவியது. மறுநாள் அந்த முகம் முதல் பக்கத்தில் வந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியர் என் தோளில் தட்டினார். நான் பூரித்துப்போனேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சிறை வரிசையில் வியாபாரி செல்வத்தையே காட்டினார். விசாரணையில் நீ அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி.

"பேப்பர்ல படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்யா. எங்க ஊரு டீக்கடையில மூணு நாளாத் தொங்குச்சு."

"நீங்க அடையாளம் காட்டுனது ரோட்டுல பார்த்த மொகமா, பேப்பர்ல பார்த்த மொகமா?"

அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான்யா தெரியுது" என்றார்.

சந்தேகத்தின் பலனில் செல்வம் விடுதலையானான். ஆனால் நாகல் நகரில் அவனை யாரும் லோடுக்குக் கூப்பிடவில்லை. ஊரை விட்டே போய்விட்டான். டீச்சரின் மகள் கோர்ட் வராந்தாவில் என்னை நிறுத்தி, "அப்ப எங்கம்மாவைத் தள்ளிவிட்டது யாரு சார்?" என்று கேட்டாள். அந்தப் படத்தை எடுத்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஜெயித்த வழக்குக்கு நீ ஒரு காபிகூட வாங்கித் தரவில்லை. ஒரு வாரம் கழித்து டீக்கடைக்கு வந்து, "அவன் செஞ்சானா இல்லையான்னு இனி யாருக்குமே தெரியாதுல்ல" என்றாய். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "பேரைச் சொன்னது நான்தானே அப்பு" என்றாய். இல்லையடா, கூப்பிட்டவன் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் எங்களுக்காக நின்றவன் நீ. ஒருமுறை நீதிபதி எங்களை வெளியே போகச் சொன்னபோது எழுந்து, "பத்திரிகைக்காரங்க இருக்கட்டும் ஐயா, இங்க நடக்குறது ஊருக்குத் தெரியணும்" என்று வாதாடினாய். வழக்கில் சான்றாகக் குறியீடு செய்த ஆவணங்களின் நகல் கேட்டு மனு போட எனக்கு எழுதிக் கொடுத்ததும் நீதான். "கூண்டுல ஏறிச் சொன்னதை எம்புட்டு வேணும்னாலும் எழுது. அதுக்கு முந்தி சாட்சி மண்டைக்குள்ள போகாதே" என்பாய். அந்த வழக்குக்குப் பிறகுதான் இந்தப் பெரிய துண்டை வாங்கினாய். என்னைக் கோபித்துக்கொள்வதற்குப் பதிலாக ஒரு துண்டு வாங்கினாய்.

நேற்று ஒரு கொலை வழக்கில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் கைக்குட்டைதான். வாசலில் முப்பது பேராவது செல்போனைத் தூக்கியிருந்தார்கள். நான் கேமராப் பையைத் திறந்து, துண்டை எடுத்து ஏட்டையாவிடம் கொடுத்தேன். அவர் தலையோடு போர்த்திவிட்டார். "அண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று ஒரு சேனல் நிருபர் சலித்துக்கொண்டான். பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"முருகா, இங்க பாரு."

என் வித்தை. துண்டுக்குள் அந்தத் தலை அசைந்தது. "திரும்பாதே" என்று கத்திவிட்டேன். கோர்ட் வளாகமே என்னைத்தான் பார்த்தது. அவன் திரும்பவில்லை.

காய்ந்ததும் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். ஆனால் நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. அவன் பேரை அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்த டீக்கடையிலோ, நண்பன்தானே என்று நம்பி.

உன் தப்பு இல்லையடா அது. கூப்பிட்டவன் நான்.