சும்மா இருந்த வரி

மார்ச் 3

இணைக் கணினிக் கட்டமைப்பு வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம். பேராசிரியரே என்னைவிட இரண்டு வயது இளையவர். பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் இப்படித்தான்.

இன்று புராஜெக்ட்டுக்கு ஜோடி போட்டார்கள். எனக்கு வாய்த்தது துடைப்பம். புரோகிராமில் வேண்டாத வரி ஒன்றைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது, அதனால் வகுப்பே வைத்த பெயர். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. "அக்கா, நீங்க கணக்குப் பகுதியப் பாத்துக்கோங்க, மெமரி என் தலைவலி" என்றாள்.

ஓர் இரும்புத் தகட்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணினிக்குள் இருக்கும் பதினாறு கோர்கள், அதாவது குட்டிச் செயலிகள், ஒரே நேரத்தில் கணக்குப் போட வேண்டும். தகட்டை வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. டெமோ 28-ஆம் தேதி. பேராசிரியரின் ஆராய்ச்சி லேபில் ஓர் இடம் காலி, டெமோவைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பாராம். எங்கள் இருவருக்கும் அதன்மேல் கண்.

மார்ச் 14

ஓடுகிறது. பன்னிரண்டு மடங்கு வேகம். மண்டை இன்னும் துருப்பிடிக்கவில்லை.

மார்ச் 19

எங்கே ஓடுகிறது? இருபது தடவை ஓட்டினால் மூன்று தடவை விடை தப்பு. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தப்பு. என் பகுதிதான் — அவளுடையதைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். கோளாறு எங்கே என்று தெரிய, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை எழுதிக் காட்டச் சொல்லி ஒரு பிரிண்ட் வரி போட்டேன். தப்பு போயே போய்விட்டது. வரியை எடுத்தேன், திரும்பி வந்தது.

வீட்டில் இவரிடம் புலம்பினேன். "எல்லாரும் ஏறியாச்சான்னு பாக்காம வண்டியக் கெளப்பிட்டிருப்பே" என்றார். கணினி தெரியாத மனிதர், சரியாகத்தான் சொன்னார். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாக் கோரும் வந்து சேரும்வரை நிற்கச் சொல்லவேண்டிய இடத்தை எங்கோ விட்டிருக்கிறேன். பிரிண்ட் வரி கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அதற்குள் மற்றவை வந்துவிடுகின்றன.

மார்ச் 22

மூன்று நாளாகத் தேடியும் இடம் பிடிபடவில்லை. திரும்பப் போட்ட பிரிண்ட் வரியை அப்படியே விட்டுவிட்டேன். இருநூறு தடவை ஓட்டியாயிற்று, ஒரு தப்பு இல்லை.

அவளைக் கேட்டிருக்கலாம். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். அதுதானே எனக்குப் பயம். அக்காவுக்கு இதுகூடத் தெரியலையே என்று — அவள் அப்படி நினைக்கிறவளும் இல்லை.

மார்ச் 28

டெமோ முடிந்தது.

லேப் வாசலிலேயே சொன்னாள்: "காலைல எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்க்கா. அந்தப் பிரிண்ட் வரி சும்மாதானே இருந்துச்சு, எடுத்துட்டேன்."

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் உள்ளே வந்துகொண்டிருந்தார். இருபதில் பதினேழு தடவை சரியாகத்தானே வருகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

தகட்டின் நடுவில் மட்டும் நாற்பதாயிரம் டிகிரி. பின்வரிசையில் சிரித்தார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்." சொன்னது நான். நான்தான்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "காலைல நான்தான் சார் கை வெச்சேன். என் தப்பு" என்றாள். பேராசிரியர் தாளில் அவள் பெயருக்கு நேரே எதையோ குறித்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31

லேப் இடம் எனக்கு. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 2

"உங்களுக்குக் கெடச்சதுல எனக்கு நெஜமாவே சந்தோஷம்க்கா." அவள்தான். மனசாரச் சொன்னாள். உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. ஏன்டி வரல உனக்கு? வேலை பாத்த எடத்துல இப்படி ஒருத்தி பண்ணியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?

ஏப்ரல் 7

யார் எதை எப்போது மாற்றினாலும் குறிப்போடு பதிவாகும் எங்கள் புராஜெக்ட் ஃபோல்டரில் புதிய மாற்றம், அவள் பெயரில். என் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: எல்லாரும் வரும்வரை நில். நான் விட்ட இடம் அதுதான்.

மார்க் போட்டு முடிந்த புராஜெக்ட். உட்கார்ந்து சரிசெய்திருக்கிறாள். பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதுவரை என்னை நம்பித் திறக்காமலே இருந்திருக்கிறாள். மார்ச் 19-ஆம் தேதி மாற்றத்தில், பிரிண்ட் வரிக்கு நேரே, நான் என் கையாலேயே குறித்து வைத்திருக்கிறேன்: 'இந்த வரியை எடுத்தால் விடை தப்பாகிறது. தற்காலிகம்.'

படித்திருப்பாள்.

ஏப்ரல் 8

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நேத்து அவங்களும் வந்தாங்க. நிக்கச் சொல்ற வரி ஒண்ணு விட்டுப்போச்சுன்னு காட்டினாங்க" என்றார். "யார் விட்டதுன்னு கேட்டேன். ரெண்டு பேரும்தான் சார்னு சொன்னாங்க."

லேப் இடத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். சரி என்றார், அதை அவளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். ஒரு பேச்சுக்காவது யோசித்துப் பாருங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

ஏப்ரல் 9

கேன்டீனில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். என் கப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் வைத்தாள். அந்த ஒன்றையே நம்பிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 15

லேப் சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது. இன்று வராண்டாக் கதவில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். நின்றாள், சிரித்தாள், எனக்காகக் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்க மேடம்" என்றாள்.