எங்கள் கூடத்தின் துணைநிலை ஆளுநர்

இன்று காலை மருத்துவமனை வரவேற்பறைத் தொலைக்காட்சியில் உன் ஊரைக் காட்டினார்கள். புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர் ஏதோ விழாவில் கொடியேற்றிக்கொண்டிருந்தார். நோயாளி ஒருவரின் மனைவி என்னைப் பார்த்து, "சிஸ்டர், இவரு கவர்னருக்கு அசிஸ்டென்ட்டா?" என்று கேட்டார். மாத்திரைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். இதே கேள்வியை நான் உன்னிடம் கேட்டதும், நீ காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. நீ கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னமும் உன் குரலில்தான் எனக்குப் பதில் வருகிறது.

கல்யாணமாகி நீ மைசூருக்கு வந்தபோது உனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மண்டி மொஹல்லா சந்தையில் காய்கறி வாங்க என்னைத் துணைக்கு அழைப்பாய். பேரம் நான் பேசுவேன். திரும்பும் வழியில் நீ அரசியல் பேசுவாய். கல்லூரியில் நடத்திய பாடம் போதாமல் எனக்கும் நடத்துவாய்.

"உங்க ஊர்ல மகாராஜாவே கடைசியில கவர்னர் ஆனாரு. எங்க ஊர்ல பிரெஞ்சு கவர்னர் போனாரு, தலைமை ஆணையர் வந்தாரு, அப்புறம்தான் லெப்டினன்ட் கவர்னர்" என்பாய்.

"மேல கவர்னரே இல்லையே, அப்புறம் யாருக்கு இவர் துணை?" என்றேன்.

"அங்கதான் எல்லாரும் குழம்புறாங்க, ஸ்டெல்லா. அது பிரெஞ்சு வார்த்தை. இன்னொருத்தர் இடத்துல இருக்கிறவர்னு அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்துல பஞ்சாபுலயும் வங்காளத்துலயும் இருந்தாங்க, கவர்னர் ஜெனரலுக்குக் கீழே. இப்போ ஜனாதிபதி இடத்துல யூனியன் பிரதேசத்துல இருக்காங்க."

"முதலமைச்சரைத்தான் ஜனங்க தேர்ந்தெடுக்கிறாங்களே?"

"அதுதான் எங்க ஊர்ல தீராத சண்டை" என்று சொல்லி இன்னொரு காப்பி கேட்டாய்.

நம் மாதா கோயில் மாதர் சங்கக் கூட்டங்களில் அப்போது கத்தல்தான் அதிகம். யார் பேசுவது, யார் முடிவு செய்வது என்று எதற்கும் ஒழுங்கு கிடையாது. ஒருநாள் நீ எழுந்து, "நாம ஒரு சட்டமன்றம் மாதிரி நடத்துவோம்" என்றாய். எல்லோருக்கும் அந்த விளையாட்டு பிடித்திருந்தது. வாக்கெடுப்பில் நீ முதலமைச்சரானாய். சபாநாயகர் ஒருவர், எதிர்க்கட்சி வரிசை ஒன்று என எல்லாம் அமைந்த பிறகு என்னைக் கைகாட்டினாய். "இவதான் லெப்டினன்ட் கவர்னர். கம்மியா பேசுவா. நாம போடுற தீர்மானத்துல கையெழுத்துப் போட்டா போதும்."

"பேடப்பா, வேணாம், என்னை விட்டுடு" என்றேன். நீ விடவில்லை.

அந்த விளையாட்டில் நிஜமான பிரச்சினை ஒன்று வந்து நின்றது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. வீட்டிலேயே கன்னடத்தில்தான் பதில் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாய். கண்கள் கலங்கப் பேசினாய். கைகள் எல்லாம் உயர்ந்தன. அந்த நேரத்தில் கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகளை இனி உள்ளே விடக்கூடாது என்பது தீர்மானத்தின் கடைசி வரியாக இருந்தது. அதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

தாளை என்னிடம் நீட்டினாய். எனக்கு முனியம்மா நினைவு வந்தது. சாரத்திலிருந்து விழுந்த கணவனை எங்கள் வார்டில் சேர்த்துவிட்டு, பிள்ளைகளை அந்தக் கூடத்தில்தான் விட்டுவைத்திருந்தாள். வெளியே லாரிகள் திரும்பும் சாலை.

"நான் இதைத் திருப்பி அனுப்புறேன்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "எல்லாரும் ஓட்டுப் போட்டு வந்த தீர்மானம் இது. உன்னை யாரு தேர்ந்தெடுத்தா?"

"யாரும் இல்ல. நீதான் நியமிச்சே."

பின்வரிசையில் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"நான் வேணாம்னு சொல்லலை. வேணாம்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. மறுபடியும் யோசிங்கன்னு கேக்கிறேன். அந்தப் பிள்ளைங்களோட அம்மா ஒருத்தி கூட இங்க இல்ல. அவங்களைக் கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறமும் இதே முடிவுன்னா கையெழுத்துப் போடுறேன்."

நீ கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அதன் பிறகு காய்கறிக்கு நீ தனியாகவே போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரு தீர்மானத்துக்காக உன்னை இழந்துவிட்டேனோ என்று ஊசி போடும்போதெல்லாம் தோன்றும்.

பிறகு ஒரு மதியம், என் ஷிப்ட் முடியும் நேரத்தில், மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாய். "வா, முனியம்மாவைப் பாக்கலாம்" என்றாய்.

தகரக் கொட்டகை வாசலில் நம்மை உட்காரவைத்து முனியம்மா கேட்டாள்: "உங்க புள்ளைங்களுக்குத் தமிழ் வரலையா? என் புள்ளைங்க வாயத் தொறந்தா தமிழ்தாங்க. கன்னடம் வராம பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல குந்திக்கிட்டு அழுவுதுங்க."

நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பது இருவருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை நீயே மாற்றி எழுதிக் கொண்டுவந்தாய். நம் பிள்ளை ஒன்று, அவர்கள் பிள்ளை ஒன்று, ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். நம் பிள்ளை கன்னட எழுத்தைச் சொல்லித்தர வேண்டும். அவர்கள் பிள்ளை தமிழில் கதை சொல்ல வேண்டும். அதற்குள் கன்னட எழுத்தும் கற்றிருந்த நீ இரண்டையும் கரும்பலகையில் போடுவாய். நான் எழுந்து நின்று கையெழுத்திட்டேன். முனியம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போய் அவளை உள்ளே அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாய்.

கடைசி நாட்களில் உனக்குத் தலைவாரிவிடும்போது ஒருமுறை கேட்டேன், "அன்னைக்கு ஏன் அவ்வளவு கோபம்?"

"தோத்ததுக்கு இல்லடி. வருஷக்கணக்கா பாடம் நடத்துறேன், அந்தக் கடைசி வரி எனக்கு உறைக்கலையேன்னுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாய்: "அந்தப் பதவி வேணுமா வேணாமான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா திருப்பிக் கேக்க ஒரு ஆள் வேணும்."

வகுப்பு இன்னும் நடக்கிறது. முனியம்மாவின் மகள் போன ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்த்து அவர்கள் கைதட்டியபோது உன்னைத் தேடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

இன்று மாலை வார்டில் கூட்டம். புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது என்று முடிவெடுத்தார்கள். எல்லோரும் தலையசைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தி எழுந்தார்கள். நான் கேட்டேன்: "ஒரு நிமிஷம். அவங்கள்ல ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டோமா?"

மூத்த நர்ஸ் மறுபடியும் உட்கார்ந்தார்.