கணக்கில் சேராத நீர்நாய்

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு கொடுத்துவிட்டார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தொலைநோக்கி, அதன் ஸ்டாண்ட், அக்காவின் முழங்கால் பட்டைகள், கைத்தடி. பல் டாக்டர் வேலையை விட்டதிலிருந்து அவளுக்குக் காட்டு விலங்குதான் உலகம். நாடு நாடாகப் போகிறாள், நானும் ஒட்டிக்கொள்கிறேன். கரடி, திமிங்கலம், காண்டாமிருகம் எல்லாம் ஆயிற்று. நீர்நாய் மட்டும் அவளுக்கு டிமிக்கி கொடுக்கிறது. நான் பலமுறை பார்த்துவிட்டேன். என்ன பயன்? இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் கணக்கு, இது எங்கள் சட்டம். போன தடவை அது தலையைத் தூக்கியபோது அக்கா அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள், என்ன மீன் தின்றிருக்கிறது என்று.

மார்ச் 5
மூட்டு டாக்டர் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியவளுக்குத் தன் உடம்பில் கத்தி என்றால் நடுக்கம்.
"இதுதான்டி கடைசிப் பயணம். நீர்நாயப் பாத்துட்டா மூட்டையக் கட்டிடலாம்."
சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவளுடைய முழங்கால் பட்டைகளை எடுத்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 9
ஆற்றோரக் குடில். வழிகாட்டி ஒரு தாடிக்காரர். எங்கள் கணக்குச் சட்டத்தை அக்கா அவரிடம் சொல்லிவைத்தாள். பேசமாட்டார், விலங்கு தெரிந்தால் விரலை நீட்டுவார். இன்று நீட்டவில்லை.

மார்ச் 11
காலையில் எதிர்க்கரைப் பாறையில் நீர்நாய். "அக்கா, சீக்கிரம்" என்று தொலைநோக்கியை விட்டு விலகினேன். அவள் வந்த வேகத்தில் ஸ்டாண்டை இடித்துக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.
"பாத்துட்டேன்டி. என்ன அழகு."
தொலைநோக்கி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாடிக்காரரும் அதைக் கவனித்தார்.
ஏன் அப்படிச் சொன்னாள்? என் மனம் நோகக்கூடாதென்றா? வலி தாங்காமல், போதும் என்றா? கேட்டிருக்கணும். கேக்கல. மக்கு மாதிரி தலைய ஆட்டிட்டு நின்னேன். இனிமே அவகூட எங்கயும் போகமாட்டேனா?

மார்ச் 12
இரண்டு பேரும் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13
அக்காவால் நடக்க முடியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று குடிலின் படித்துறையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நானும் தாடிக்காரரும் ஆற்றோடு மேலே போய், ஒரு கொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அக்கா எழுந்து நின்றிருந்தாள். கைத்தடி தண்ணீரில் மிதந்தது.
"இந்தப் படியில உக்காந்து மீன் தின்னுச்சுடி. தலையில ஆரம்பிச்சு, நறநறன்னு. கடைவாய்ப் பல்லு என்ன பல்லுங்கிற. ஒரு சொத்தை இல்ல."
"முந்தாநாளே பாத்துட்டேன்னியே?"
"முந்தாநாளு மேகம்தான் பாத்தேன்."
"தெரியும்."
சிரித்து வயிறு வலித்தது. தாடிக்காரர்கூட வாய் திறந்தார். "அப்ப கணக்குல சேந்துருச்சு."
"எப்படிச் சேரும்? இவதான் பக்கத்துல இல்லையே" என்றாள் அக்கா.
அவள் முகத்தில் இருந்தது வருத்தமே இல்லை.

மார்ச் 14
காலையில் குடிலிலிருந்தே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். ஆபரேஷனுக்குத் தேதி கேட்டாள். "வலிக்குமா டாக்டர்?" என்றாள். அவளிடம் பல் காட்ட வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விதான். பதிலைக் கேட்டுக்கொண்டே முழங்காலைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"சரி, அதுக்கப்புறம் ஆத்தங்கரையில எப்ப நடக்கலாம்?"