தலைவரின் தங்கையிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

அனுப்புநர்:
கண்ணாடிக் கடையில் அளவெடுக்கும் பெண்,
மருந்துக் கடைக்கு மேல்மாடி,
பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசை.
(பெயர் தனி உறையில் ஒட்டி இணைக்கப்பட்டுள்ளது. என் சித்தப்பா குடும்பம் இன்னும் அந்த நாட்டில் இருப்பதால் இந்த ஏற்பாடு. தவறாக எண்ண வேண்டாம்.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
குடியேற்றம் மற்றும் நிரந்தரக் குடியிருப்புத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் நாட்டுத் தலைவரின் தங்கை நிரந்தரக் குடியிருப்பு கோரி அளித்துள்ள விண்ணப்பம் – ஆட்சேபணையும் ஆதரவும் அல்லாத மனுவைத் தங்கள் அலுவலக முகப்பில் வாங்க மறுத்தது – அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெற்றுத்தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக வாசல் பலகையில் ஒட்டியுள்ள பொது அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் அடைக்கலம் கேட்டு இந்த நாட்டுக்கு வந்தவள். என் அம்மாவும் என்னோடு இருக்கிறார். ஒரு கடைச் சிப்பந்தி, ஓர் உயர் அதிகாரிக்கு, ஒரு நாட்டையே ஆளும் குடும்பத்தைப் பற்றி, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மனு எழுதலாம், எழுதினால் அதற்கு வரிசை எண்ணும் கொடுப்பார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் அதிசயமாகவே இருக்கிறது. அந்த மலைப்பில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் நாட்டு நடைமுறை ஒன்றைத் தாங்கள் முதலில் அறிய வேண்டும். பெரிய இடத்து, அதாவது தலைவர் குடும்பத்து, வண்டிகள் வரும்போது சைரன் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் தெருவில் நிற்கும் எல்லோரும் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட வேண்டும். சுவர் இல்லாவிட்டால் மரம். மரமும் இல்லாவிட்டால் முன்னால் நிற்பவரின் முதுகு. வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரங்கட்டித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த கையோடு இதையும் கற்றுக்கொடுத்துவிடுவோம். அந்தக் குடும்பத்தின் முகங்களை நாங்கள் பார்த்ததெல்லாம் படத்தில்தான். அந்தப் படம் மாட்டாத வகுப்பறை கிடையாது.

3. என் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகையில் எதிரே அந்தச் சங்கு ஊதியது. அவன் ஓரங்கட்டவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று கேள்வி. தம்பியை மருத்துவமனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. கேட்கப் போன இடத்திலெல்லாம் அடுத்த அலுவலகத்துக்குக் கை காட்டினார்கள். எதிரே வந்த வண்டியில் அந்தக் குடும்பத்தில் யார் இருந்தார் என்றும் தெரியாது. தெருவே சுவரைப் பார்த்து நிற்கும்போது சாட்சி எங்கிருந்து வரும்?

4. தண்டனை தம்பியோடு நிற்கவில்லை. அப்பாவுக்குத் தபால் நிலைய வேலை போயிற்று. என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள். சித்தப்பா மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றது. விசாரணைக்கு வந்தவர்களிடம் அப்பா, "என் பையன் பண்ணதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்? நான் பாட்டுக்கு வீட்ல தூங்கிட்டிருந்தேன்" என்று கையைக் கூப்பினார். அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர் என்பதற்காகத் தண்டிப்பது எப்படி இருக்கும் என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஐயா. இந்த மனுவைப் படிக்கையில் இதைத் தயவுசெய்து மனதில் வைத்திருக்கவும்.

5. இனி, நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு மதிய வேளையில், நடுத்தர வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் எங்கள் கடைக்கு வந்தார். டோக்கன் எடுத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, எல்லோரையும் போல உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த நொடி நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். நானாகத் திரும்பவில்லை, உடம்பு திரும்பியது. இத்தனை தூரம் தாண்டி, எல்லை தாண்டி, கடல் தாண்டி வந்த உடம்பு, யாரும் சங்கு ஊதாமலேயே திரும்பிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

ஆனால் கண்ணாடிக் கடையில் சுவர் ஏது, ஐயா? ஃபிரேம் போட்டு அழகு பார்ப்பதற்காக மூன்று பக்கமும் நிலைக்கண்ணாடி பதித்திருக்கிறோம். திரும்பி நின்ற எனக்கு அவர் முகம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வகுப்பறைப் படத்தில் தலைவருக்கு வலப்பக்கம் நிற்பாரே, அதே முகம். அவரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். உலகத்தில் எந்த நாட்டுக்காரி இப்படித் திரும்பி நிற்பாள் என்று அவருக்குத் தெரியாதா? அவர் முகம் வெளுத்துப்போனது. முதலாளி மட்டும் ஒன்றும் புரியாமல், "ஏம்மா, அங்க என்ன, பல்லியா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள்தான் முதலில் பேசினார். எங்கள் மொழியில், மெதுவாக, "திரும்புங்கம்மா. இங்க அப்படியெல்லாம் நிக்க வேணாம்" என்றார். நான் திரும்பினேன்.

6. என் வேலை, வந்தவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சின்ன ஸ்கேலால் அளப்பது. மூச்சுக்காற்று மேலே படுகிற தூரத்தில் நிற்க வேண்டும். வாடிக்கையாளரின் அளவுகளை வெளியில் சொல்லக் கூடாது என்பது கடை விதி. ஆகவே எண்களை எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளிச்சம் பட்டதும் அந்தக் கண்மணிகள் சுருங்கின. எல்லோருக்கும் சுருங்குவது போலவே சுருங்கி, ஓரத்தில் தண்ணீர் வந்தது. ஒரு தேசமே பார்க்கக் கூடாத கண்களை நான் ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலை இரண்டு முறை வைத்து அளந்தேன். பயம் பாதி என்றால், மீதி என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இவ்வளவுதானா என்றும் இருந்தது, அம்மாடி என்றும் இருந்தது.

7. கண்ணாடி தயாரானதும் வாங்க வந்தார். போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்றார். அப்போது அவருடைய கைப்பை திறந்திருந்தது. உள்ளே ஒரு சீப்பு, கசங்கிய பேருந்துச் சீட்டு, ஒரு தொலைபேசி. நான் அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வாசல்களில், எத்தனை பேர் காலில் விழுந்தும் எங்களுக்குத் திறக்காத கதவு, பேருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்கிருந்தோ தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அண்ணன்கிட்ட பேசுவீங்களாம்மா?"

அவர் பொய் சொல்லவில்லை. "எப்பவாவது பேசுவேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பேன், அவ்வளவுதான்" என்றார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். நின்றபடியே முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையேம்மா. அண்ணன் பண்றதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

என் அப்பாவின் வார்த்தை, ஐயா. ஏறக்குறைய அதே வார்த்தை. நான் ரசீதை எழுதி நீட்டினேன். அவர் பணம் கட்டிவிட்டு, கதவை அவரே திறந்துகொண்டு போய்விட்டார்.

8. அவருடைய குடியிருப்பு விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு வந்ததும், எங்கள் நாட்டவர் சங்கம் அவரை வெளியேற்றக் கோரி மனு தயாரித்தது. அவர் வாழும் வீடு யாருடைய வயிற்றில் அடித்து வாங்கியது என்று அதில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அது பற்றித் தாங்கள் விசாரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அந்த ரத்தமே ஆகாது, இங்கே படிக்கும் அவர் பேரக்குழந்தைகளையும் பள்ளியிலிருந்து அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. சங்கச் செயலாளர், "உங்க சொந்தத் தம்பிக்கு நடந்ததை மறந்துட்டீங்களா அக்கா?" என்று தெருவில் வைத்துக் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறக்காததால்தான் போடவில்லை.

9. எனவே தனியாக மனு எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர் மரியாதையானவர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், "ஆட்சேபணையா, ஆதரவா மேடம்? ரெண்டுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கு. ரெண்டும் இல்லாததை நான் எங்க போடறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாளும் போனேன். பெட்டி இரண்டுதான் என்றார். இதுவே என் புகார்.

10. அந்த அம்மாளுக்குப் பொறுப்பு உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிறந்ததற்காக ஒருவரையும் தண்டிக்கக் கூடாது. என் அப்பாவைத் தண்டித்தது அநியாயம் என்றால் இவரைத் தண்டிப்பதும் அநியாயமே. ஆனால் என் அப்பா, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னது உண்மை. இவர் சொல்வது உண்மையல்ல. இவரால் ஒன்று செய்ய முடியும். இந்த ஊரிலேயே இவர் ஒருவரால்தான் முடியும். அண்ணனிடம் உடம்பைப் பற்றிக் கேட்கிற அதே மூச்சில் இன்னொன்றும் கேட்கலாம். கேட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயப்படலாம். அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்க முடிகிறவர் கேட்காமல் இருப்பதற்கு அவர்தானே பொறுப்பு? அதை அண்ணன் தலையில் கட்ட முடியாதே.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) விண்ணப்பம் தொடர்பான நேர்காணலில், என் தம்பி உயிரோடு இருக்கிறானா, இருந்தால் எங்கே என்று தம் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுமாறு அந்த அம்மாளிடம் தாங்கள் கேட்க வேண்டும். தம்பியின் பெயரும் பிறந்த ஊரும் தனி உறையில் உள்ளன. என்னைப் போல் கேட்க வேண்டியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த வழியைத் திறந்துவிட வேண்டும்.

ஆ) அவர் கொண்டுவரும் பதில் எதுவாக இருந்தாலும், அந்தப் பதிலுக்காக அவர் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. உண்மை சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த தடவை உண்மை வராது. அதை நாங்கள் எங்கள் நாட்டில் பார்த்தாயிற்று.

இ) கேட்கவே மாட்டேன் என்று அவர் மறுத்தால், அதை அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு என்ன முடிவு எடுப்பது என்பது தங்கள் பொறுப்பு. நான் அதில் தலையிட மாட்டேன்.

பதில் அனுப்பும் விதம் பற்றி ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி. அதை அம்மா கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை. தவறான அழைப்பாக இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். தம்பி இல்லை என்று பதில் வந்தால், அருள்கூர்ந்து தொலைபேசியில் சொல்ல வேண்டாம். கடை விலாசத்துக்குக் கடிதமாக அனுப்பவும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருக்கிறான் என்றால் தொலைபேசியிலேயே சொல்லலாம். எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. என்னைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருக்கவும் வேண்டாம். எடுப்பவரிடமே சொல்லிவிடுங்கள்.

நாள்: மார்ச் 11
இடம்: கடையின் உள்ளறை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் அக்கா